மடை மாற்றும் நேரம்

எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் ஒரு புளியமரம். பாகம் பிரித்தபோது மரம் சரியாக வரப்பின் மேல் வந்து நின்றது. யார் உலுக்குவது என்று தொடங்கிய பேச்சு, யார் அப்பனுக்குச் சோறு போட்டது என்பதில் போய் முடிந்தது. கடைசியில் மரத்தையே வெட்டி விற்றார்கள். சனியன் ஒழிந்தது, இனியாவது பேசுவார்கள் என்று நினைத்தேன். அதன் பிறகு மரத்தை வெட்டியது யார் யோசனை என்பதற்காகப் பேசாமல் இருந்தார்கள்.

நிலத்தைப் பிரித்துவிட்டார்கள், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. மாமனார் வெட்டிய ஒரே கிணறு, அவர் பேரில் வந்த ஒரே கரண்ட் இணைப்பு, ஒரே மோட்டார். கச்சிராயபாளையத்திலிருந்து மலைப் பக்கம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் நிலம். மேலே கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்து கோமுகி அணை நிரம்பினால் எங்கள் கிணறும் ஊறும். பெய்யாத வருஷம் சித்திரையில் கிணற்றின் கடைசிப் படிக்கட்டு வரை தெரியும். இருக்கிற தண்ணீரை இரண்டு நாள் அவர்களுக்கு, இரண்டு நாள் எங்களுக்கு என்று முறை போட்டுப் பாய்ச்ச வேண்டும்.

முறை மாறும்போதெல்லாம் ஒரு தகராறு வந்தது. நீ முன்னாடியே திருப்பிக்கொண்டாய், நீ பின்னாடி வரைக்கும் விட்டுக்கொண்டாய் என்று மம்முட்டியைத் தூக்கும் அளவுக்குப் போனது. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஓடுகிற மோட்டாரை நிறுத்தக் கூடாது. முறை தொடங்குகிற வீடு வாய்க்காலில் தன் பக்கத்து மடையைத் திறக்கும்போது, முறை முடிகிற வீடு தன் மடையை மண் போட்டு அடைக்க வேண்டும். இரண்டு வீட்டு ஆளும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் வராமல் மற்றவர் மடையைத் தொடவே கூடாது.

நேரில் நிற்பதாவது. அண்ணன் முகத்தைத் தம்பி பார்க்க மாட்டார், தம்பி முகத்தை அண்ணன் பார்க்க மாட்டார். அதனால் இரண்டு பேரும் பெண்டாட்டியை அனுப்பினார்கள். இப்படித்தான் எனக்கு என் ஓரகத்தி கிடைத்தாள்.

அதற்கு முன் அவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் யாருக்குப் பேச நேரம்? அவள் அடுப்பில் இருந்தால் நான் மாட்டுக்கொட்டகையில் இருப்பேன். நான் மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். கூடப் பிறந்த பெண் இல்லை. வாய் நீளம் என்று பேர் வாங்கியவள், எந்த வீட்டு வாசலிலும் என்னை அதிக நேரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பம் உடைந்து, சண்டை முற்றி, மடையின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்ற பிறகுதான் நாங்கள் முதல் தடவையாக ஒழுங்காகப் பேசினோம்.

முதல் நாள் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். அவளும் உர்ரென்றுதான் நின்றாள். நான் மண்ணை வெட்டிப் போட்டேன், தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டேன், மறுபடி போனது. 

"ஏன்டி, மடைய அடைக்கிறியா, மண்ண கழுவறியா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதில் சொல்லத் திரும்பினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேறும் சகதியுமாக நின்று அப்படிச் சிரித்தோம்.

அன்றிலிருந்து முறை மாற்றும் நாள் எனக்குத் திருவிழா மாதிரி. விடிந்ததும் வேலையை முடித்துவிட்டு மம்முட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் மடியில் ஏதாவது இருக்கும். அவித்த வேர்க்கடலை, வாட்டின மக்காச்சோளம், சில நாள் வெறும் வெல்லக்கட்டி. மடை மாற்றுகிற வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. நாங்கள் அதைப் பெரிதாக்கினோம். இந்தப் பக்கம் கசிகிறது என்பாள், அந்தப் பக்கம் அரிக்கிறது என்பேன். அதற்குள் ஊர்க் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும்.

அதிகமாகப் பேசியது எங்கள் வீட்டுக்காரர்களைப் பற்றித்தான். பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இரண்டு பேரும் அச்சு அசல் ஒரே ஆள். குழம்பில் உப்பு குறைந்தால் இவர் தட்டைத் தள்ளி வைப்பார். "எங்க வூட்லயும் அதே தட்டு, அதே தள்ளு" என்பாள் அவள். இவருக்குச் சளி பிடித்தால் அந்த வாரமே அவள் வீட்டுப் பெரியவருக்கும் பிடிக்கும். கோபம் வந்தால் இரண்டு பேரும் துண்டை உதறி மறுபடி அதே தோளில் போட்டுக்கொள்வார்கள். அவள் அதைச் செய்து காட்டுவாள். மம்முட்டியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை உதறித் தோளில் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடப்பாள். நான் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

"மடை மாத்த எம்மா நேரம்?" என்று வீட்டில் இவர் கேட்பார்.

"நான் இன்னா பண்றது? உங்க அண்ணிக்கு மம்முட்டி புடிக்கவே தெரியல" என்பேன். இவருக்கு ஒரே குஷி. அந்த வீட்டில் அவளிடம் பெரியவர் இதையே கேட்பாராம். "உங்க தம்பி பொண்டாட்டிக்குக் கை வணங்கல, நானே ரெண்டு பக்கமும் வெட்ட வேண்டியதாப் போச்சு" என்று அவள் சொல்வாளாம். அவருக்கும் அன்றைக்குச் சோறு கொஞ்சம் அதிகமாக இறங்குமாம்.

ஊருக்குள் நாங்கள் பேச மாட்டோம். பேசினால் இரண்டு வீட்டிலும் வெட்டுக்குத்து. ரேஷன் கடை வரிசையில் முன்னும் பின்னும் நின்றாலும் அவள் வேறு பக்கம் பார்ப்பாள், நானும் வேறு பக்கம் பார்ப்பேன். ஒரு நாள் அப்படி நிற்கும்போது வேண்டுமென்றே என் காலை மிதித்தாள். எனக்கு வலி உயிர் போனது. திட்டவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. மறுநாள் மடையில் வைத்துத்தான் திட்டித் தீர்த்தேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவளுடைய மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான். அவன் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் மடிக்குள் ஒளித்து ஒரு பொட்டலம் லட்டு கொண்டுவந்து, நான் தின்று முடிக்கிற வரைக்கும் மடையைத் திறக்காமல் நின்றாள். 

பிறகு மழை குறைந்த வருஷங்கள் வந்தன. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினாலே கிணறு சேறு கக்கியது. வாய்க்காலில் விட்ட தண்ணீரில் பாதியை வாய்க்காலே குடித்தது. எங்கள் மரவள்ளி கடைசிப் பாத்தியில் மஞ்சளடித்து நின்றது. அவர்கள் கரும்பும் அப்படித்தான். அந்தச் சமயத்தில்தான் வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி ஸ்கூட்டியில் வந்தார். சின்ன விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அரசாங்கமே போட்டுத் தருகிறது என்றார். கிணற்றுக்குள் இறக்குகிற புது மோட்டாரும், வீட்டிலிருந்தே போனில் மோட்டார் போடுகிற பெட்டியும் மானியத்தில் வாங்கலாம் என்றார். கூட்டுக் கிணறு என்பதால் இரண்டு பங்காளியும் சம்மதிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலில் வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெரியவரும் அவளும் நின்றார்கள். இந்தப் பக்கம் இவரும் நானும். இவர் அதிகாரியிடம், "அவருக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றார். பெரியவர், "அவரு மொதல்ல சொல்லட்டும்னு சொல்லுங்க" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிணறுதான் தூரம். அந்தப் பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போனார். விஷயம் புரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"அப்ப உங்களுக்கு இதுதான் சரியான திட்டம் சார். ரெண்டு பேருக்கும் தனித்தனிக் குழாய். முறை மாறும்போது வால்வு தானா திரும்பிக்கும். ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே வேணாம்."

"அதாங்க வேணும்" என்றார் இவர். அதே மூச்சில் பெரியவரும், "அதாங்க வேணும்" என்றார். 

புளியமரத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். நான் கிணற்றுக்கு மேலாக அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் என்ன சொல்ல முடியும்? எங்களுக்குப் பேச வேண்டும், அதனால் பயிர் காயட்டும் என்று சொல்வதா? எனக்கும் சொட்டு நீர் வேண்டும்தான். மம்முட்டி பிடித்து மூட்டு தேய்ந்துவிட்டது, கண்ணெதிரே மரவள்ளி சாகிறது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

வேலை சீக்கிரமே முடிந்தது. கறுப்புக் குழாய்கள் வரிசை வரிசையாக ஓடின. சொன்னது எல்லாம் உண்மை. மரவள்ளி பச்சை பிடித்தது, களை குறைந்தது, கிணற்றில் தண்ணீர் மிஞ்சியது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. 

முதல் முறை மாறுகிற நாள் வந்தது. நான் பழக்கத்தில் மம்முட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. சரி, வந்தது வந்தோம் என்று மடைக்கே போனேன். எதிர்ப் பக்கத்திலிருந்து அவளும் மம்முட்டியோடு வந்துகொண்டிருந்தாள். நடுவில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"எதுக்குடி வந்த?" என்றாள்.

"நீ எதுக்குக்கா வந்த?"

"மடை மாத்த" என்றாள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கும் மடியில் வேர்க்கடலை இருந்தது. காய்ந்த வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்து தின்றோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு எங்களால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கிளம்பும்போது இரண்டு பேரும் அடுத்த முறை வருவதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அடுத்த முறை நான் மம்முட்டியை எடுத்தபோது இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "எங்க போற, மம்முட்டிய எடுத்துக்கினு? தண்ணிதான் தானாப் பாயுதே" என்றார். எனக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. வாய் நீளம் என்று பேர் எடுத்தவள் மம்முட்டியைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினேன். அதற்கப்புறம் புல் அறுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன், அவள் இல்லை. அவள் வந்த நாளில் நான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க நின்றுகொண்டிருந்தேன். வரப்பில் கடலைத் தோல் கிடந்ததை வைத்து அவள் வந்து போனதைத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் வந்தே தீர வேண்டிய நேரம் என்று ஒன்று இருந்தவரைக்கும்தான் எங்களுக்கு வழி இருந்தது. 

தெருவில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எத்தனை வருஷமாகத் தெருவில் முகத்தைத் திருப்பியிருக்கிறோம். திரும்பிய கழுத்து அப்படியே நின்றுவிட்டது. அவள் எதிரே வந்தால் என் தலை என்னைக் கேட்காமலே மறுபக்கம் போகும். வீட்டுக்குப் போய் அந்தத் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் ஏறின. மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் மகன் ஓசூருக்கே கூட்டிப்போகிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நிலத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "அதுக்கு இன்னா, போன்ல மோட்டார் போட்டாப் போவுது. களை எடுக்க ஆள் உட்டிருக்காங்க" என்றார்கள். முன்பெல்லாம் தண்ணீர் பாய்ச்சவாவது ஒரு ஆள் ஊரில் இருந்தாக வேண்டும். இப்போது அதுவும் தேவையில்லை.

நான் என் வாசலில் நின்றேன். அவள் வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டைப் பார்த்தாள். பெரியவர் பக்கத்தில் இருந்தார். எனக்குப் பின்னால் இவர் நின்றார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. இவர் துண்டை உதறி அதே தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஓடிப்போய் வண்டியை மறித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும்.

மோட்டார் பெட்டியில் இரண்டு வீட்டு நம்பரும் போட்டிருந்தது. யார் மோட்டாரைப் போட்டாலும் அது மற்ற வீட்டுக்கும் போன் செய்து சொல்லும். அவர்கள் முறை நாளில் காலையில் எங்கள் போன் அடிக்கும். எடுத்தால் யாரோ ஒரு பெண் குரல், மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது என்று பாடம் ஒப்பிக்கும். ஓசூரில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவது அவள்தான் என்று எனக்குத் தெரியும். பெரியவருக்குப் போன் என்றால் பயம், தலைகீழாகப் பிடித்துப் பேசுகிறவர். அவள்தான் அமுக்கியிருப்பாள், இப்போதுதான் அமுக்கியிருப்பாள், போன் இன்னும் அவள் கையில்தான் இருக்கும். அந்த மெஷின் குரலிடம் "நல்லாருக்கியாக்கா" என்று கேட்பேன். அது தன் பாடத்தை முடித்துவிட்டு வைத்துவிடும். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பெட்டியைப் பார்க்க மெக்கானிக் வந்த அன்று, இவர் டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த வீட்டு நம்பரைக் கேட்டேன். "நீங்கதான் பேசிக்க மாட்டீங்களே" என்றார். "மோட்டார் விஷயம்ங்க" என்றேன். கொடுத்துவிட்டார். நம்பர் கையில் வந்த பிறகும் பல நாள் துணிச்சல் வரவில்லை. மடையில் நிற்காமல், கையில் மண் இல்லாமல் அவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம், அவர்கள் முறை நாள். மெஷின் குரல் வந்து போனதும் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கரியாலூர்ப் பக்கம் மழையாக இருக்கும். நம்பரை அமுக்கினேன். உடனே எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இரு, கீழ எறங்கி வரேன். அவரு இங்க கீறாரு" என்றாள். அவள் படி இறங்குகிற மூச்சு கேட்டது. மூட்டுவலி அவளுக்கும் வந்துவிட்டது போல. 

"இன்னாடி, தண்ணி பத்தலையா?"

"பத்துதுக்கா."

"மோட்டார் ரிப்பேரா?"

"இல்லக்கா. நல்லா ஓடுது."

"அப்புறம் எதுக்குடி போன் பண்ண?"

சும்மாதான் என்று சொல்ல வந்தேன். அழுகைதான் வந்தது. நான் மூக்கைச் சிந்தி முடிக்கிற வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை.

"எங்க நின்னுக்கினு இருக்க?" என்றாள்.

"நம்ம கெணத்தாண்டதான்."

"பொய் சொல்லாத. அங்க நின்னா தண்ணி சத்தம் கேக்குமே. ஒண்ணுமே கேக்கல."

அவள் மறந்துவிட்டாள். சொட்டு நீருக்குச் சத்தம் கிடையாது. தண்ணீர் கிணற்றிலிருந்து ஏறி, குழாய்க்குள்ளேயே போய், வேரடியில் ஒவ்வொரு சொட்டாக விழுகிறது. மோட்டாரும் அடியில் தண்ணீருக்குள் ஓடுகிறது. நிலம் முழுக்கத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. 

"இங்க டேங்கர் லாரில வருதுடி தண்ணி. ஓடற தண்ணியக் கேட்டு எம்மா நாளாச்சி" என்றாள்.

கிணற்று மேட்டில் வடிகட்டி இருக்கிறது. அதில் அடைக்கிற தூசியை வெளியே தள்ள ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் முழு வேகத்தில் வெளியே கொட்டும். வீணாகத் திறக்கக் கூடாது என்று அந்த அதிகாரி அன்றைக்கே சொல்லியிருந்தார். நான் முழுசாகத் திறந்தேன். பீறிட்டுக்கொண்டு வந்து, காய்ந்த வாய்க்காலில் விழுந்து, சருகையும் மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடியது. புடவையெல்லாம் நனைந்தது. போனை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலிக்கிற வரைக்கும் பிடித்திருந்தேன். பிறகு காதில் வைத்தேன்.

"கேக்குதாக்கா?"

"உம்" என்றாள். அவளும் அழுதிருந்தாள், குரலில் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னிக்கி யாரு மொறடி?" என்று கேட்டாள்.

"உங்க மொறதான்."

"அப்ப என் தண்ணியத்தான் கொட்டிக்கினு இருக்க?"

"ஆமாக்கா."

"கொட்டுடி" என்றாள். "இன்னும் கொஞ்சம் கொட்டு."